மாடிக்குப் போகாத படிக்கட்டு

அந்த ரீவி நாடகத்தில் வருகிற வீட்டின் படிக்கட்டு மாடிக்குப் போகாது என்று யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் முதன்முதல் அறிவித்தவன் நான்தான். ஐந்து படி ஏறினால் சுவர். அதற்கு மேல் மாடியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. ஏறிப்போன நடிகர் அந்தச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டு, காட்சி முடியும்வரை இருமாமல் தும்மாமல் இருக்கவேண்டும். இதை நான் சொன்னபோது தபாலதிபர் வீட்டு ஹோலில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் ரீவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு ஞாயிறு பின்னேரம், ரீவியை விட்டுவிட்டு மனிதனைப் பார்ப்பதென்பது சின்ன விஷயமில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்தது. பிறகு நடந்த அவ்வளவுக்கும் அந்தக் கிறுகிறுப்புத்தான் காரணம்.

ரீவி தபாலதிபருடையது. அவர் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகியும் ஊர் அவரைத் தபாலதிபர் என்றுதான் சொல்லும். அவரும் அப்படித்தான் நடந்துகொள்வார். நேரம் கேட்டால் நிமிடத்தோடு சொல்லுவார். யாராவது கதை சொன்னால், சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று முத்திரை குத்தாத குறையாக விசாரித்துவிட்டுத்தான் நம்புவார். ஜேர்மனியில் இருந்த மூத்த மகன் அனுப்பிய காசில் வாங்கிய கலர் ரீவி அது. முற்றத்துப் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டிய நீண்ட இரும்புக் குழாயின் உச்சியில் அன்ரெனா. கொழும்பு பார்க்கத் தெற்கே திருப்பவேண்டும், இந்தியா பார்க்க வடக்கே திருப்பவேண்டும். ஞாயிறு பின்னேரம் ஒழுங்கையில் சந்திக்கிறவர்கள் சுகம் விசாரிக்க முதல் கேட்பது "இண்டைக்கு இந்தியா இழுக்குதோ?" என்றுதான்.

இழுத்தால், அந்த வாடகை வீட்டு நாடகம். சென்னையில் ஒரு வீடு. கீழே பெரிய மீசை வைத்த வீட்டுக்காரரும், வாயைத் திறந்தால் தெருவே ஒடுங்குகிற அவருடைய மனைவியும். பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிற இளம் புருஷன் பெண்சாதி. மாடியில் இன்னொரு வாடகைக்காரர்; அவருடைய குரல் மாத்திரம் கேட்கும், ஆளை ஒருநாளும் காட்டமாட்டார்கள். தண்ணீர் வரவில்லை என்று ஒரு வாரம் சண்டை, மாவரைக்கிற சத்தத்துக்கு அடுத்த வாரம் சண்டை. அரை மணித்தியாலம் வயிறு நோகச் சிரிப்போம். வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ராணுவ ஹெலிகொப்டர் சுற்றினால் படம் கோடு கோடாகப் போகும். அது போகும்வரை நாங்கள் மனதுக்குள் அந்த வீட்டுக்காரியின் ஏச்சைத் தொடர்ந்து ஏசிக்கொண்டிருப்போம்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையின் எங்கள் ஊர்க் கிளைக்கு மனேச்சர். பெரிதாக நினைக்கவேண்டாம். திறக்கிறவன், நிறுக்கிறவன், பூட்டுகிறவன் எல்லாம் நானே. தபாலதிபர் வீட்டு ஹோலில் எனக்குரிய இடம் வாசல் நிலையோடு, பாயின் கடைசி ஓரம். எனக்கு முன்னால் ஓவசியரின் முதுகு. கட்டிட வேலைகளை மேற்பார்த்து இவரும் ஓய்வுபெற்றவர்தான். பாதி நாடகத்தை அந்த முதுகுக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படி இருக்கையில் என் பெரியப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்ய, துணைக்கு நானும் கொழும்பில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனேன். நாற்பது நாள் இருந்தோம். திரும்பி வந்த முதல் ஞாயிறு தபாலதிபர் கேட்டார்.

"தம்பி, மதராசிலை உந்த நாடகம் எடுக்கிற இடத்துக்குப் போனனீரோ?"

உண்மையான பதில், "வாசல்வரைக்கும் போனனான் ஐயா, காவல்காரன் கலைச்சுப்போட்டான்" என்பது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வந்தது.

"உள்ளுக்கை விட்டவங்களோ?"

"ஓம்."

அடுத்த நிமிடம் நான் பிரம்புக் கதிரையில் இருந்தேன். ஓவசியரின் முதுகு எனக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு மனிதனுக்கு இவ்வளவு சுகமான கதிரை கிடைத்தபிறகு, அதில் சும்மா இருக்க முடியுமா? படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். அது ஒன்றும் பெரிய கற்பனை இல்லை. மாடிக்குப் போகிறவரின் செருப்புச் சத்தம் ஐந்தாவது படியோடு நின்றுவிடுவதை நான் பாயின் ஓரத்தில் இருந்த காலத்திலேயே கவனித்திருந்தேன். படம் தெரியாதவனுக்குக் காது கூர்மையாகும்.

ஓவசியருக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கட்டிட வேலை பார்த்த மனிதர்.

"நான் முப்பது வருசம் கட்டுவிச்ச படியெல்லாம் எங்கையேன் போய்த்தான் நிண்டது. ஒரு இடத்துக்கும் போகாத படியை எந்த விசரன் கட்டுவான்?"

"அது நாடகத்துக்குக் கட்டினது, ஓவசியர்."

"நாடகத்துக்கெண்டாலும் படி படிதானே தம்பி!"

அடுத்தடுத்த ஞாயிறுகளில் என்னிடமிருந்து செய்திகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அந்த வீட்டில் எல்லாரும் எந்நேரமும் குடிக்கிற கோப்பி கோப்பியே இல்லை, ஒன்றும் ஊற்றாத வெறும் பேணி. யன்னலுக்கு வெளியே நிற்கிற தென்னை, சீலையில் கீறின படம். பின்னாலே கேட்கிற சிரிப்பு, ஆட்களைக் கூட்டி இருத்திச் சிரிப்பித்துப் பிடிக்கிறது. அதில் ஒருவர் மாத்திரம் எப்போதும் பிந்திச் சிரிக்கிறார், கவனித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஊரே அந்தப் பிந்திச் சிரிக்கிறவருக்காகக் காத்திருந்து, அவர் சிரித்ததும் சேர்ந்து சிரித்தது.

இவ்வளவோடு நான் நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்காரரின் மீசை ஒட்டு மீசை என்றேன். மாடியில் இருந்து வருகிற குரல், நாடகத்தை இயக்குகிறவருடைய குரல் என்றேன். கடைசியாக, வேறு ஒன்றும் தோன்றாத ஒரு ஞாயிறு, அந்த இளம் புருஷன் பெண்சாதி உண்மையில் கூடப்பிறந்த அண்ணனும் தங்கச்சியும் என்று சொல்லிவிட்டேன். மூக்கு ஒரே மாதிரி இருந்தது, அதுதான் என்னிடமிருந்த ஒரே சாட்சி.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் "சிவ சிவா" என்றார். இரண்டு வாரம் மூன்று வீட்டுப் பெண்கள் நாடகம் பார்க்க வரவில்லை. குருநகரில் இருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் சங்கக்கடை வாசலில் காலை ஊன்றி நின்று, "அண்ணை, உதெல்லாம் உண்மையோ? எங்கடை பக்கத்திலை சனம் உதைத்தான் கதைக்குது" என்றார். பொய் சைக்கிளில் குருநகருக்குப் போய்விட்டது! அன்றைக்குத்தான் முதன்முதல் எனக்குப் பயம் வந்தது.

அது வெறும் பயமில்லை. என்னிடம் இழப்பதற்கு ஒன்று இருந்தது. தபாலதிபரின் இளைய மகளை எனக்குப் பேசத் தொடங்கியிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. அவள் பக்கத்துப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். ஞாயிறுகளில் தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்து, தந்துவிட்டுப் போய், குசினி வாசலில் நின்று நாடகம் பார்ப்பாள். நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. படிக்கட்டின் கதையைச் சொன்ன அன்று அவள் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பை நம்பித்தான் மற்ற ஆறு பொய்யையும் முதலீடு செய்தேன்.

போட்டியும் இருந்தது. அவளுடைய மாமி முறையான ஒருவர் கொடிகாமத்திலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதியைக் கூட்டிவந்திருந்தார். மாப்பிள்ளை கொழும்பில் படவரைஞர். சொந்தக் கல்வீடு, உண்மையான மாடி. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, பதில் சொல்வதாகப் போயிருந்தார்கள். தபாலதிபருக்கு மனம் என் பக்கம் என்று கலியாணத் தரகர் சொன்னார். "ஆள் உலகம் தெரிஞ்ச பெடியன் எண்டு சொல்லுறார்" என்றார். உலகம் என்றால் அந்த ஐந்து படிதான்.

ஒரு ஞாயிறு நான் படலையைத் திறக்கும்போதே தபாலதிபர் விறாந்தையில் நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"தம்பி, நான் நிலையத்துக்கு எழுதிப்போட்டன்."

"எந்த நிலையத்துக்கு ஐயா?"

"மதராசுக்கு. கடிதங்களுக்குப் பதில் சொல்லுறாங்களல்லோ, நாடகம் முடிய. அதுக்கு. நீர் சொன்ன ஏழு விசயத்தையும் இலக்கம் போட்டு எழுதி, 'இவை சரியோ எண்டு அறியத் தரவும்' எண்டு கேட்டிருக்கிறன்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பல்லைக் காட்டியது ஞாபகம் இருக்கிறது.

"உம்மிலை சந்தேகத்திலை எழுதினதெண்டு நினையாதையும்" என்று என் தோளில் கை வைத்தார். "ஓவசியர் சந்தியிலை நிண்டு உம்மைப் புளுகன் எண்டு சொல்லுறானாம். எங்கடை வீட்டுக்கு வரப்போற பிள்ளையை அப்பிடிச் சொல்ல விடேலுமோ? நிலையமே சொல்லட்டும். ஊர் வாயை மூடும். றெஜிஸ்டரிலை போட்டனான்."

இதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பிடிக்க எழுதியிருந்தால் பரவாயில்லை. அந்த மனிதர் என்னைக் காப்பாற்ற எழுதியிருந்தார்.

அன்றைய நாடகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணி வந்தது, குடித்தேன், சுடவில்லை, இனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தேன். எழும்பினேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். அம்மா கேட்டா, "என்ன மோனை, வயித்துக்குத்தோ?" ஓம் என்றேன். ஓமத்தண்ணி தந்தா. குடித்தேன். அதுவும் சரிவரவில்லை. பிள்ளையாருக்கு நேர்த்திவைத்தேன், கடிதம் தொலையவேண்டுமென்று. பிறகுதான் நினைத்தேன், பதிவுத் தபாலைத் தொலைக்கிற அளவு செல்வாக்குப் பிள்ளையாருக்கும் கிடையாது. ஒவ்வொரு தபாற்கந்தோரிலும் கையெழுத்து வாங்கி, புத்தகத்தில் பதிந்து, அடுத்தவரிடம் ஒப்படைத்து... இதைத் தபாலதிபரே எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தியிருந்தார். "அதாலை றெஜிஸ்டர் கொஞ்சம் பிந்திப் போகும், ஆனா போகும்" என்று.

பிந்திப் போகும்! கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்படியென்றால் நான் இன்றைக்கே ஒரு சாதாரணக் கடிதம் எழுதி வான்தபாலில் போட்டால் அது முந்திப் போகும். நிலையத்தாரிடம் உண்மையைச் சொல்லிக் கெஞ்சலாம். அவர்களும் மனிதர்தானே. என் மூளை அன்றைக்கு உற்பத்தி செய்த ஆகச் சிறந்த யோசனை அதுதான். பயந்த மூளைக்கு ஒரு குணம் உண்டு: ஒரு கதவு திறந்திருந்தால் போதும், அது எங்கே போகிறதென்று பார்க்காமல் ஓடிவிடும்.

எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கிய வாத்தியார் பிரம்போடு நின்று பழக்கியதால், எங்கள் ஊரில் யார் எந்த நிலையில் எழுதினாலும் வலதுபக்க மேல் மூலையில் முழுப்பெயர், முழு விலாசம், திகதி. வீடு எரிந்துகொண்டிருந்தாலும் அதை எழுதிவிட்டுத்தான் "நெருப்பு" என்று எழுதுவோம். நானும் அப்படியே எழுதினேன். பிறகு:

"மதிப்புக்குரிய ஐயா, நலம், நலமறிய ஆவல். எங்களூர் ஓய்வுபெற்ற தபாலதிபர் உங்கள் நாடகம் பற்றி ஏழு கேள்விகள் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறார். அந்த ஏழையும் அவருக்குச் சொன்னவன் நான். நான் உங்கள் நிலையத்துக்குள் வரவேயில்லை. நான் சொன்னவை பின்வருமாறு." ஏழையும் எழுதினேன். "இவை ஏழுக்கும் தயவுசெய்து ஆம் என்று சொல்லிவிடவும். அவருடைய மகளை எனக்குப் பேசியிருக்கிறார்கள். கொடிகாமத்திலிருந்தும் ஒரு பகுதி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நீங்கள் இல்லை என்றால் என் காரியம் முடிந்தது. இக்கடிதத்தை உடனே கிழித்துவிடவும்."

சண்டிலிப்பாய்த் தபாற்கந்தோரில் போட்டால் தபாலதிபருக்குத் தெரிந்துவிடும் என்று சைக்கிளில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய்ப் போட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

முதல் ஞாயிறு, நம்பிக்கை போதாமல், மத்தியானமே போய் யாரும் பார்க்காத நேரம் பனையடியில் குழாயைப் பிடித்து அன்ரெனாவைத் தெற்கே திருப்பிவிட்டேன். பின்னேரம் இந்தியா இழுக்கவில்லை. புள்ளி புள்ளியாக மழை. நான் கவலைப்பட்டுக் காட்டினேன். ஓவசியர் எழும்பி வெளியே போனார். "ஆரோ விசரன் குழாயைத் திருப்பி வைச்சிருக்கிறான்!" என்று முற்றத்திலிருந்து கத்தினார். "இப்ப தெரியுதோ?" கடைசியில் தெரிந்தது. நாடகம் பாதியும், கடிதப் பகுதி முழுவதும் கண்ணாடிபோல் வந்தது. எங்கள் கடிதம் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறும் வரவில்லை. தபாலதிபர் பதிவுத் தபால் ரசீதைப் பார்த்து நாட்களை எண்ணினார். "பொறும் தம்பி, போயிருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு நான் தேறிவிட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு எங்களுக்காக மினக்கெட நேரமேது? பிரம்புக் கதிரையில் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, முறுக்கொன்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடிதம் வாசிக்கிற அம்மா ஒரு கடிதத்தைத் தூக்கிச் சிரித்தார்.

"இலங்கையிலிருந்து ஒரு சுவையான கடிதம்" என்றார். "யாழ்ப்பாணம், சண்டிலிப்பாயிலிருந்து..."

"வந்திட்டுது! வந்திட்டுது!" என்று தபாலதிபர் எழும்பி நின்றுவிட்டார். "சத்தம் போடாதேங்கோ! கேளுங்கோ ஓவசியர், நல்லாக் கேளுங்கோ!"

அந்த அம்மா பெயரை வாசித்தார். அது தபாலதிபருடைய பெயரில்லை. பிறகு விலாசத்தை வாசித்தார். ஒழுங்கையின் பெயர், அதற்குப் பக்கத்துக் கோயிலின் பெயர், ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வாத்தியார் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

முறுக்கு என் வாய்க்குள் நின்றது. கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, இனிமையான குரலில், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். "அவருடைய மகளை எனக்குப் பேசியிருக்கிறார்கள்" என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ஹோலில் எல்லாரும் ஒரே நேரத்தில் குசினி வாசலைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. தட்டு ஒன்று மேசையில் வைக்கப்படுகிற சத்தம் மாத்திரம் கேட்டது.

கரண்ட் போகவேண்டிய நேரம் அதுதான். ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு நேரம் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை.

"கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்கிறார் நேயர்" என்றார் அந்த அம்மா. "எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லவும் முடியாது. உள்ளதைச் சொல்கிறோம்."

பக்கத்திலிருந்தவர் சொன்னார். படிக்கட்டு ஐந்து படிதான். மேலே ஒரு முக்காலி போட்டிருக்கிறது, ஏறுகிறவர் அதில் குந்தியிருப்பார். அது சரி. கோப்பைகள் வெறுமைதான், தரையெல்லாம் மின்கம்பி என்பதால் அங்கே ஒரு துளி தண்ணீரும் கொண்டுபோக விடுவதில்லை. அதுவும் சரி. தென்னை சீலையில் வரைந்தது. சரி. சிரிப்பு, சாப்பாட்டு நேரத்தில் நிலையத்துச் சாரதிகளையும் தோட்டக்காரர்களையும் உட்காரவைத்துப் பதிந்தது. பிந்திச் சிரிப்பவர் மின்சார வேலைக்காரர், அவருக்கு ஒரு காது மந்தம். சரி. ஆனால் மாடிக் குரல் இயக்குநருடையது அல்ல, அந்தப் படிக்கட்டைச் செய்த தச்சருடையது. ஒருநாள் நடிகர் வராததால் சும்மா பேசச் சொன்னார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. இளம் தம்பதி அண்ணன் தங்கை அல்ல, படப்பிடிப்பில்தான் முதன்முதல் சந்தித்தவர்கள். மீசை சொந்த மீசை. இந்தக் கடிதம் கண்டு அதன் சொந்தக்காரர் மிகவும் மனவருத்தப்பட்டார்.

"நேயரின் திருமணம் நல்லபடி நடக்க வாழ்த்துகள்" என்று அந்த அம்மா கைகூப்பினார். அடுத்த கடிதம் திருநெல்வேலியிலிருந்து.

யாரும் திருநெல்வேலியைக் கேட்கவில்லை. ஓவசியர்தான் முதலில் வாய்திறந்தார். என்னைப் பற்றி அல்ல. "முக்காலியாம்! ஐஞ்சு படியும் ஒரு முக்காலியுமாம்!" என்று தலையிலடித்தார். அவருடைய முப்பது வருட வேலையை யாரோ கேலி செய்ததுபோல் இருந்தது அவருக்கு.

தபாலதிபர் போய் ரீவியை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"என்ரை கடிதம் எங்கை?"

"ஐயா..."

"றெஜிஸ்டரிலை போட்ட கடிதம். ரசீது என்னட்டைக் கிடக்கு. அதை வாசியாமல், சாதாரண முத்திரை ஒட்டின கடிதத்தை வாசிக்கிறாங்கள். இது என்ன நீதி?"

அவருடைய கோபம் தபாலில் தொடங்கி மெல்ல மெல்ல என்னிடம் வந்தது. வந்து சேர்ந்தபோது அது கோபமாக இருக்கவில்லை. "என்னட்டையே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். "இந்தா, இந்த விறாந்தையிலை நிண்டு சொல்லியிருக்கலாம். கடல் தாண்டிப் போய்ச் சொல்லவேண்டி வந்ததோ?"

நான் எழும்பி நடந்தேன். படலைவரைக்கும் நடந்தேன், அதற்குப் பிறகு ஓடினேன். வாயில் முறுக்கு இன்னும் இருந்தது.

அந்த ரீவியை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும். பின்னாளில், கரண்டே இல்லாமற்போன வருடங்களில், அது ஹோலின் மூலையில் சீலை போர்த்து நின்றது. அதன் மேலே மண்ணெண்ணெய் விளக்கு வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். தொண்ணூற்றைந்தில் ஆமி வர எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை. யார் எடுத்தார்களோ, என் கடிதத்தையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பார்கள் என்று எனக்கொரு பைத்தியக்கார எண்ணம்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு தீப்பெட்டி வாங்கினார்கள். என்னைப் பார்ப்பதற்கு ஆகக் குறைந்த செலவு அதுதான். செவ்வாய் தரகர் வந்தார்.

"கொடிகாமத்து ஆக்கள் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்."

எனக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், வந்தது.

"எல்லாரும் பார்த்தவையாம்" என்றார் தரகர். "மாப்பிள்ளையின்ரை தாய் கேட்டாவாம், ரீவியிலை பேர் அடிபட்ட பெட்டை எங்களுக்கு என்னத்துக்கு எண்டு. அவவுக்குத் தாவடியிலை பேசிக்கொண்டிருந்த மற்ற இடமும் இனிச் சரிவராது. பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்தவ?"

அவர் போனபிறகு தராசுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். மூன்று வாரமாக நான் பயந்ததெல்லாம் என் மானத்துக்கு, என் கதிரைக்கு, என் கலியாணத்துக்கு. நான் எழுதிய ஒரு வரியில் அவள் இருந்தாள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. என் பொய்யில் அவளுக்குப் பங்கில்லை. என் உண்மையில் அவளை இழுத்து விட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வரும் வழியில் அவளே கடைக்கு வந்தாள். கையில் குடை, கொப்பிகள். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஒரு றாத்தல் சீனி."

நான் தாளைச் சுருட்டினேன். கைக்கெட்டிய சாக்கிலிருந்து அள்ளி நிறுத்தேன்.

"ரீச்சர், நான்..."

"ஏழிலை நாலு சரி" என்றாள். சீனி கேட்டதை விட்டால், அதுதான் அவள் என்னோடு கதைத்த முதல் கதை. "ஆனா நான் உதுக்குப் புள்ளி போடமாட்டன். விடை மட்டும் கிடக்கு, செய்முறை இல்லை. எங்கடை பிள்ளையளும் உப்பிடித்தான், பக்கத்து மேசையைப் பாத்து எழுதிப்போட்டு நிப்பினம்."

"நான் செய்தது பிழை. கொடிகாமத்து விசயம் எனக்குத் தெரியும். அப்பிடி வருமெண்டு நான்..."

"கொடிகாமத்தார் எனக்குப் பிடிச்சிருந்தாரோ இல்லையோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

"பிடிச்சிருந்ததோ?"

"அது இப்ப என்னத்துக்கு?" என்றாள். பிறகு, குடையைப் பலகையில் சாத்தி வைத்துவிட்டு, "நாற்பது நாள் நிண்டனீங்களல்லோ. உள்ளுக்கை போகேல்லை, சரி. வெளியிலை நிண்டு உண்மையா என்னத்தைக் கண்டனீங்கள்? அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

ஒன்றைக் கண்டிருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கதிரை கிடைக்கிற கதை இல்லை அது. அவளுக்குச் சொன்னேன்.

காவல்காரன் கலைத்தபிறகு, எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றேன். வாங்குப் பலகையின் மற்ற ஓரத்தில், நரைத்த கொண்டையோடு ஒரு மெலிந்த அம்மா இருந்து, சின்னச் சாப்பாட்டுப் பெட்டியில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் வசனம் எழுதிய தாள் நாலைந்து. ஒரு வாய் சோறு, ஒரு வரி முணுமுணுப்பு. "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோப்பா, வெயில் படுது" என்று எனக்கு நிழல் விட்டார். நான் அவரைக் கவனிக்கவேயில்லை. பஸ் வந்தது, நிற்காமல் போகப் பார்த்தது. அந்த அம்மா எழும்பி ஒரு சத்தம் போட்டார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சண்டிலிப்பாயில் கேட்கிற சத்தம் அது. அந்த வீட்டுக்காரி! பஸ் அப்படியே நின்றது. அவர் சாப்பாட்டுப் பெட்டியை இடுப்பில் செருகி, தாள்களைப் பல்லில் கவ்விக்கொண்டு, மிதிபலகையில் தொற்றி ஏறிப் போய்விட்டார்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள்.

"தாளைப் பல்லிலை கவ்விக்கொண்டோ?"

"ஓம்."

"உதை ஏன் சொல்லேல்லை?"

"உவ்வளவு பெரிய நடிகை பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு போறா எண்டு சொன்னால் நம்புவினமோ? சனத்துக்கு மனம் நொந்துபோம் எண்டும் நினைச்சன்."

"அப்பாவுக்கு மாத்திரம் சொல்லிப்போடாதேங்கோ. அவவுக்குக் கார் விடச்சொல்லி நிலையத்துக்கு றெஜிஸ்டரிலை எழுதுவார்."

குடையை எடுத்தாள். பொட்டலத்தை எடுத்தாள். படியில் இறங்கப் போனவள் நின்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. அப்பாவோடை நான் கதைக்கிறன்."

"என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"செய்முறை கிடைச்சிட்டுது எண்டு."

அவள் ஒழுங்கையால் திரும்பி மறையும்வரை நின்றேன். பிறகு தராசைப் பார்த்தேன். தட்டில் ஒட்டிக்கிடந்தது சீனியில்லை. அவ்வளவு பதற்றத்தில் அவளுக்கு ஒரு றாத்தல் ரவையை நிறுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாற்றிக்கொண்டு போக வருவாள் என்று கடையைப் பூட்டாமல் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம், பாயின் கடைசி ஓரத்தில் போய் இருந்தேன். ஓவசியரின் முதுகு தன் பழைய இடத்தில் இருந்தது. நாடகம் தொடங்கியதும் அவள் தட்டோடு வந்தாள். அன்று தேத்தண்ணியோடு கேசரியும் இருந்தது. சீனி கொஞ்சம் குறைவு.